இடஞ்சுழி

ஃபின்மார்க்கில் அக்டோபர் கடைசி.
வெயில் எட்டிப் பார்த்துவிட்டுப் போவதற்குள்
பிரித்து முடிக்க வேண்டும்.
வேலிக்குள் எண்ணூற்றுப் பன்னிரண்டு பனிமான்கள்.
ஒவ்வோர் அடிக்கும் கணுக்கால் நரம்பு சொடுக்கும்:
எண்ணூறு பேர் ஒரே சமயத்தில்
நெட்டி முறிப்பதுபோல் ஓர் ஓசை.
சுற்றுகின்றன.
இடப்பக்கமாக. எப்போதும் இடப்பக்கமாக.

தோர்பியோர்க்கிடம் மூன்று விதிகள்.
ரொம்ப நெருங்காதே.
ரொம்ப விலகாதே.
பக்கத்தவர் திரும்பினால் நீயும் திரும்பு.
மேலே கொஞ்சம் தடுமாற்றம், உப்பைப் போல;
கூடினால் மந்தை சிதறிவிடும்,
இல்லாவிட்டால் விறைத்துப்போகும்.
அவ்வளவே போதுமாயிருந்தது.
மடிக்கணினியில் புள்ளிகள் தாமாகவே வளைந்து
வட்டமாகிவிட்டன,
முன்னே போக ஒன்றில்லாமலே.

ஆனால் அவளுடைய வட்டங்களில்
பாதி இடஞ்சுழித்தன, பாதி வலஞ்சுழித்தன.
சமன்பாட்டுக்குக் கை கிடையாது,
சோற்றுக்கை பீச்சைக்கை அதற்குத் தெரியாது.
மூன்று வாரம் முறைத்துப் பார்த்துவிட்டு
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் மூன்று என்றொரு மாறிலியை
ஓரமாய்ச் செருகினாள்.
எல்லாம் இடப்பக்கம் திரும்பின.
கட்டுரையில் அதற்குச் ‘சாய்வு’ என்று பெயர்.
தெரியவில்லை என்பதற்குக்
கோட்டு மாட்டிய சொல்.

ஒவ்வொரு மானின் காலடியிலும்
சின்னதாய் ஓர் எழுத்து தொங்குகிறது: ஐ.
ஒன்றுமுதல் எண்ணூற்றுப் பன்னிரண்டுவரை
யாராகவும் இருக்கலாம் அந்த ஐ.
தமிழில் படித்தால் அது இரண்டாம் வேற்றுமை.
மானை எண்ணினாள், மானைத் துரத்தியது,
மானைத் தின்றது.
செய்கிறவர் வேறெங்கோ இருக்க
வினை வந்து விழும் இடம்.

ரிஸ்தெனிடம் எழுத்து இல்லை, காது இருக்கிறது.
இடக்காதில் இரண்டு வெட்டு,
வலக்காது நுனியில் ஒரு பிறை: அவளுடையது.
முனை மழுங்கியிருந்தால் தம்பி ஆஸ்லாக்கினுடையது.
சுழலும் கூட்டத்தில், மங்கும் வெளிச்சத்தில்
ஓடுகிற காதைப் படிக்கிறாள்,
வந்து நிற்காத பேருந்தின்
பெயர்ப்பலகையைப் படிப்பதுபோல்.
கயிறு போகிறது. ஒன்று வெளியே வருகிறது.
அது இருந்த இடத்தை
மூன்று நொடியில் மூடிக்கொள்கிறது வட்டம்.

இரவு, குடிலில், காப்பி ஆறுவதற்குள்
தோர்பியோர்க் ஓநாய் ஒன்றை அவிழ்த்துவிட்டாள்;
அதுவும் புள்ளிதான், சிவப்பு.
ஓரத்தில் இருந்தவை போயின.
மிஞ்சியவை ஈன்றன; குட்டிக்குத் தாய் விட்டுப்போனது
ஒரே ஓர் எண், நடுவை நோக்கிய இழுப்பு.
அறுநூறு தலைமுறை. நான்கு நிமிடம்.
முடிவில் ஒன்றன்மேல் ஒன்றாய் ஒரே அப்பல்.
“மந்தை வேண்டுமென்று ஒன்றும் நினைக்கவில்லை,” என்றாள்.
“தனக்கும் ஓநாய்க்கும் நடுவே
இன்னொரு முதுகு வேண்டும். அதன் பெயர்தான் மந்தை.”
ரிஸ்தென் சிரித்தாள்:
“எங்கள் சங்கத்துப் பொதுக்குழுவைப் பார்த்திருக்கிறாய்.”
அப்புறம் கேட்டாள்,
“இதில் என்னுடையது எது?”
தோர்பியோர்க் திரையைப் பெரிதாக்கினாள்.
புள்ளிகள் பெரிதாயின.

மறுநாள் ட்ரோன் மேலிருந்து எடுத்த படத்தில்
மென்பொருள் எண்ணியது எண்ணூற்றுப் பதினான்கு.
இரண்டு அதிகம்.
ஒன்று நட்டநடுவில், நகராமல்,
தோளில் கயிற்றுச் சுருள்.
ரிஸ்தென். நீக்கினாள்.

மற்றது வேலிக்கு வெளியே.
நெருங்கவில்லை, விலகவில்லை.
மந்தை திரும்பும்போதெல்லாம் திரும்பி
பதினோரு நிமிடத்தில் ஒரு முழுச் சுற்று
வந்திருக்கிறது, இடப்பக்கமாக.
கையில் குறிப்பேடு.
மஞ்சள் குல்லாய்.

அவள் குல்லாய்.

சுட்டியை அதன்மேல் நிறுத்தி
வெகுநேரம் இருந்தாள்.
வெளியே நெட்டி முறிந்துகொண்டே இருந்தது.
பிறகு பொருத்திப் பார்த்தாள்:
மூன்று விதி, கொஞ்சம் தடுமாற்றம், அந்தச் சாய்வு.

பிழை, மிகக் குறைவு.